ஈரத் துணியில் மூச்சு விட்டுப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 24 வயது, ஊர் தங்கச்சிமடம். மூன்று வருடமாக வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறேன். பெரும்பாலும் தனுஷ்கோடி ரோட்டில் விடிகாலையில் 8 முதல் 10 கிலோமீட்டர். ஜனவரியில் மேல்படிப்புக்குக் கனடாவின் ஒட்டாவாவுக்குப் போகிறேன். அங்கேயும் ஓட்டத்தை விட மனமில்லை. கழுத்தில் மாட்டி மூக்குவரை ஏற்றிக்கொள்ளும் குழாய்த் துணியான நெக் கெய்ட்டர் இல்லாமல் ஓடாதே என்கிறார்கள் அங்கிருக்கும் நண்பர்கள். பைக் ஓட்டுகிறவர்கள் மாட்டும் குழாய்த் துணி ஒன்றை ராமநாதபுரத்தில் வாங்கி, மூக்குவரை ஏற்றி ஓடிப் பார்த்தேன். இரண்டே கிலோமீட்டரில் மூச்சு முட்டியது. இங்கேயே இப்படியென்றால் அங்கே என்ன ஆகும்? அம்மா, கொடைக்கானலில் வாங்கிய கம்பளி மஃப்ளரைக் கட்டிக்கொண்டு ஓடச் சொல்கிறார். நான் கண்ணாடி போடுகிறவன். சின்ன வயதில் வீசிங் இருந்தது. எதை வாங்குவது, எத்தனை வாங்குவது?

பதில்:

தம்பி, உங்கள் சோதனை வீண்போகவில்லை. துணி நனைந்து மூக்கில் ஒட்டியதால்தான் மூச்சு முட்டியது. தனுஷ்கோடியானாலும் ஒட்டாவாவானாலும் நனைந்த துணி ஒட்டினால் முட்டத்தான் செய்யும். கடைக்காரர் எல்லாரும் "நல்லா கதகதப்பா இருக்கும்" என்றுதான் விற்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது, நனைந்த பிறகு அது மூச்சு விட விடுகிறதா என்பதை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் அந்தத் துணிக்கு என்ன வேலை என்று பார்த்துவிடுவோம். நம் கரையில் விடிகாலைக் காற்று 26, 27 டிகிரியில், கன மீட்டருக்குச் சுமார் 20 கிராம் நீராவியைச் சுமந்துகொண்டு வரும். மைனஸ் 10 டிகிரிக் காற்று தன்னால் முடிந்த மட்டும் ஈரத்தை ஏற்றிக்கொண்டாலும் 2 கிராம் சொச்சம்தான். ஆனால் நுரையீரலின் ஆழத்துக்குப் போய்ச் சேரும்போது காற்று 37 டிகிரிச் சூட்டில், கன மீட்டருக்கு 44 கிராம் ஈரத்தோடு இருந்தாக வேண்டும். குறைகிற ஈரத்தை மூக்கும் தொண்டையும் மூச்சுக்குழாயின் சுவரும் தங்கள் பையிலிருந்துதான் கொடுக்கின்றன. நடக்கும்போது மூக்கு இதைச் சமாளித்துவிடும். ஓடும்போது வாயைத் திறந்து நிமிடத்துக்கு 60 லிட்டர், அதற்கு மேலும் இழுக்கிறோம். சுவர் வறண்டுபோகிறது. குளிரில் ஓடியவர்களுக்குத் தொண்டை எரிவதும், ஓடி நின்றபின் கொஞ்ச நேரம் வறட்டு இருமல் வருவதும் இதனால்தான்.

வெளியே விடும் ஈரமான சூட்டு மூச்சில் ஒரு பங்கைத் துணி பிடித்துவைத்து, அடுத்து இழுக்கும் மூச்சோடு திருப்பிக் கொடுக்கிறது. ஆகவே துணி ஈரமாவது அதன் கோளாறு இல்லை, வேலையே அதுதான். நிமிடத்துக்கு 60 லிட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு மணி நேர ஓட்டத்தில் மூச்சோடு வெளியேறும் நீர் 100 கிராமுக்கு மேல், அதாவது அரை டம்ளர். துணியின் எடையோ 35, 40 கிராம்தான். அந்த அரை டம்ளரில் கால்வாசி தங்கினாலே துணி சொட்டச் சொட்ட நனைந்துவிடும். தனுஷ்கோடி ரோட்டில் இதனுடன் வியர்வையும் சேர்ந்துகொண்டது. சுற்றியிருக்கும் காற்றிலோ ஈரத்தை வாங்கிக்கொள்ள இடமில்லை. ஐப்பசி மழையில் காயப்போட்ட கருவாடு மாதிரி ஆகிவிட்டது உங்கள் துணி. ஒட்டாவாவில் காற்று காய்ந்தது, துணி கொஞ்சம் கொஞ்சமாக உலரவும் செய்யும். ஆனால் வெளிப்பக்கத்து ஈரம் உறைந்து பனியாகும். அது வேறு தொல்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.

இனி துணி. பருத்தி வேண்டாம். பருத்தி நூல் தண்ணீரைக் குடித்துக்கொண்டு விடாது; நனைந்தால் கனக்கும், உறைந்தால் பலகை. பாலியஸ்டர் நூல் தன் எடையில் 1 சதவீத ஈரத்தைக்கூட உள்ளே வாங்குவதில்லை. ஈரம் நூல்களுக்கு இடையில்தான் தங்கும், அதனால் சீக்கிரம் காயும். ஆனால் சீக்கிரம் நாற்றமும் எடுக்கும். மெரினோ என்ற ஆட்டினத்தின் கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை நீராவியை நூலுக்குள் இழுத்துக்கொண்டும், தொட்டால் ஈரமாகத் தெரியாது. நனைந்தாலும் தோலில் சில்லென்று ஒட்டுவது குறைவு, நாலு நாள் போட்டாலும் நாற்றமில்லை. காய நேரமாகும், சீக்கிரம் ஓட்டை விழும், விலையும் பல மடங்கு. ஃப்ளீஸ் என்பது பாலியஸ்டரையே சுரண்டிப் பஞ்சு எழுப்பியது; கழுத்துக்கு அருமை, வாய்க்கு ஆகாது. காற்றுப் புகாத படலம் ஒட்டிய துணி, பனிச்சறுக்குக்காரர்கள் போடும் ரப்பர் மாதிரியான நியோப்ரீன் முகமூடி, இரண்டும் ஓட்டத்துக்கு உதவாது. உள்ளே வரும் காற்றைத் தடுப்பது வெளியே போகும் ஈரத்தையும் தடுக்கும். பத்து நிமிடத்தில் தாடையிலிருந்து தண்ணீர் வழியும்.

பைக் கடையில் நீங்கள் வாங்கியது அநேகமாக மெல்லிய பாலியஸ்டர்தான். துணி வகை தப்பில்லை. நெசவு இறுக்கமாக இருக்கலாம், அல்லது நீங்கள் அதை இரண்டாக மடித்து மாட்டியிருக்கலாம். தூக்கிப்போடாதீர்கள், அதிலேயே இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். குழாயடியில் முழுக்க நனைத்து, ஒரே ஒரு முறை பிழியுங்கள். மூக்குவரை ஒற்றை மடிப்பாக ஏற்றிக்கொண்டு மாடிப்படியில் மூன்று நிமிடம் விடாமல் ஏறி இறங்குங்கள். மூச்சு இழுக்கும் ஒவ்வொரு முறையும் துணி உதட்டில் அப்பிக்கொண்டு, விடும்போதுதான் விலகினால் அது வேண்டாம். கொஞ்சம் உள்வாங்கினாலும் காற்று தடையில்லாமல் வந்தால் அது தேறும். இரண்டு மடிப்பாக்கி இன்னொரு முறை பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும். ஓட்டத்தின் நாற்பதாவது நிமிடத்தில் துணி எப்படி இருக்குமோ அதை மூன்று நிமிடத்தில் காட்டிவிடும் சோதனை இது. காய்ந்த துணியைக் கடையில் வாயில் வைத்து ஊதிப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது.

இன்னொன்று ஃப்ரீசரில். ஒட்டாவாவில் ஜனவரி மாதச் சராசரியே மைனஸ் 10 வாக்கில். பாம்பனில் மீன் வைக்கும் ஐஸ் பெட்டியைவிடப் பத்து டிகிரி கீழே. நல்ல ஃப்ரீசர் மைனஸ் 18 வரை போகும். நனைத்துப் பிழிந்த குழாயை ஒரு எவர்சில்வர் செம்பின்மேல் மாட்டி முக்கால் மணி நேரம் உள்ளே வைத்து எடுங்கள். கையால் கசக்கி உதறினால் பனி நொறுங்கி உதிர்ந்து, துணி மறுபடி வளைகிறதா என்று பாருங்கள். மெல்லிய பாலியஸ்டர் அப்பளம்போல் நொறுநொறுத்துவிட்டு இளகும். பனியனில் வெட்டிய ஒரு பருத்தித் துண்டையும் கூடவே வைத்தால், ஏன் பருத்தி வேண்டாம் என்று அம்மாவுக்கும் புரியும்.

அம்மாவின் மஃப்ளரை ஓடும்போது கட்டாதீர்கள். நுனிகள் ஆடும், முடிச்சு தளரும், வாய்க்கு மேல் மூன்று நான்கு சுற்றுத் துணி சேர்ந்துவிடும். பெட்டியில் மட்டும் கட்டாயம் வையுங்கள். ஓடி முடித்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, வகுப்புக்கு நடக்கும்போது அதைவிட நல்லது வேறில்லை.

அளவு. தட்டையாக விரித்தால் அகலம் 23 முதல் 25 சென்டிமீட்டர், நீளம் 45 முதல் 50. சுற்றளவு 46 முதல் 50 வரும். 56 சென்டிமீட்டர் தலைக்குள் இழுத்து மாட்டும் அளவு நெகிழ வேண்டும். மூக்குவரை ஏற்றி இருபது முறை குதியுங்கள். கீழே நழுவினால் தளர்ச்சி. மூக்கு நுனி அழுந்தினால் இறுக்கம். நீளம் முக்கியம்: வாய்க்கு மேல் ஒற்றைத் துணி, கழுத்தில் மட்டும் இரண்டு மூன்றாகச் சுருங்கி நிற்க வேண்டும். 25 சென்டிமீட்டர் உயரக் குட்டைக் குழாய்களில் இது நடக்காது. தையல் இல்லாமல் வட்டமாக நெய்ததை வாங்குங்கள். தையல் இருந்தால் அது பிடரிப் பக்கம் வரட்டும்; தாடையில் வந்தால் ஒரு மணி நேரத்தில் தோலை உரித்துவிடும். நாடாவும் கொக்கியும் வைத்தது வேண்டாம்.

தடிமனை அட்டையில் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) என்று போட்டிருப்பார்கள், பல சமயம் போடவும் மாட்டார்கள். நீங்களே கண்டுபிடிக்கலாம். 24 சென்டிமீட்டர் அகலம், 50 நீளம், இரண்டு பக்கம்: மொத்தம் 0.24 சதுர மீட்டர். சமையலறைத் தராசில் வைத்துக் கிடைக்கும் எடையை 0.24 ஆல் வகுத்தால் ஜிஎஸ்எம். 36 கிராம் என்றால் 150, 60 கிராம் என்றால் 250. வாய்க்கு மேல் வருவது 150-ஐ ஒட்டி இருக்கட்டும். 200-க்கு மேல் போனால் அது கழுத்தோடு நிற்கட்டும்.

மெரினோ என்ற பெயரில் அக்ரிலிக் விற்பது உண்டு. ஓரத்திலிருந்து ஒரு நூல் உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். கம்பளி என்றால் தலைமயிர் பொசுங்கும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். செயற்கை நூல் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். வாங்குவதற்கு முன்னால் கடையில் இதைச் செய்ய முடியாதுதான். வாங்கியபின் செய்தால் இரண்டாவதை எங்கே வாங்கக் கூடாது என்று தெரியும். எல்லாவற்றையும் "பஃப்" என்று கேட்டாலும் தருவார்கள். அது ஸ்பெயின் நாட்டுக் கம்பெனி ஒன்றின் பெயர், பொருளுக்கே பெயராகிவிட்டது. அந்தப் பெயர்தான் வேண்டும் என்றில்லை.

என் யோசனை இது. 150 ஜிஎஸ்எம் மெரினோ நீளக் குழாய் ஒன்று, மெல்லிய பாலியஸ்டர் நீளக் குழாய் இரண்டு. உங்களிடம் இருப்பது மேலே சொன்ன சோதனையில் தேறினால் அந்த இரண்டில் ஒன்று ஆயிற்று. கழுத்துக்கு மட்டும் ஒரு குட்டை ஃப்ளீஸ். ஃப்ளீஸை ஒட்டாவா போய் வாங்குங்கள். இங்கே அதற்கு நல்ல சரக்கும் கிடைக்காது, கிடைத்தாலும் போட்டுப் பார்க்க நமக்குக் குளிர் கிடையாது. மேல்பாதி மெல்லிய துணி, கீழ்ப்பாதி ஃப்ளீஸ் என்று சேர்த்துத் தைத்ததும் உண்டு. மைனஸ் 15-க்குக் கீழே அது சௌகரியம். ஆனால் நனைந்தால் மாற்றிப் போட முடியாது. மேல்பாதி மேலே வந்தே ஆக வேண்டும்.

எப்போது எப்படி? பூஜ்யத்துக்கு மேலே ஐந்து டிகிரி வரை மெல்லிய பாலியஸ்டர் கழுத்தில் கிடந்தால் போதும். பூஜ்யத்திலிருந்து மைனஸ் 8 வரை முதல் பத்து நிமிடம் வாய்க்கு மேல் ஏற்றிக்கொள்ளுங்கள். உடம்பு சூடானதும் தாடைக்கு இறக்கிவிட்டு, எதிர்காற்று அடிக்கும் இடத்தில் மட்டும் ஏற்றுங்கள். அதற்குக் கீழே மெரினோ வாய்க்கு, ஃப்ளீஸ் கழுத்துக்கு. பாலியஸ்டர் குழாய்களில் ஒன்றை மடித்துக் காதுக்குப் பட்டையாகப் போடலாம். இன்னொன்றை ஜிப் கவரில் போட்டு ஜாக்கெட்டின் உள்பையில் வையுங்கள். வெளிப்பையில் வைத்தால் எடுக்கும்போது சில்லிட்டிருக்கும்.

20, 25 நிமிடத்தில் வாய்க்கு நேரே துணியின் வெளிப்பக்கம் வெள்ளைப் பூ பூத்ததுபோல் பனி கட்டும். உடனே கழற்ற வேண்டியதில்லை. குழாயைக் கழுத்தைச் சுற்றிக் கால் திருப்பு திருப்பினால் காய்ந்த பகுதி வாய்க்கு வரும், நனைந்தது பக்கவாட்டுக்குப் போய் உடம்புச் சூட்டில் இளகும். இப்படி நான்கு திருப்பில் ஒரு மணி நேரம் ஓட்டிவிடலாம். தையல் இல்லாத குழாய் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். உறைந்த இடத்தைத் திருப்பாமல் அப்படியே வைத்துக்கொண்டால், அந்தப் பனிக்கட்டி கன்னத்தில் பட்டே புண்ணாகும். தாடி வைத்திருந்தால் துணி தாடியோடு சேர்ந்து உறைந்துகொள்ளும். வெடுக்கென்று பிய்க்காமல், உள்ளே வந்து இளகியபின் கழற்றுங்கள்.

காற்றைப் பற்றிப் பாம்பன் தீவுக்காரருக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை. குளிரோடு கூடிய காற்று மட்டும்தான் புதிது. மைனஸ் 10 டிகிரியில், காற்றே இல்லாத நாளில் நீங்கள் மணிக்கு 10 கிலோமீட்டர் ஓடினால், அந்த வேகமே முகத்தில் காற்றாக அடித்து ஏறத்தாழ மைனஸ் 15 போல உறைக்கும். எதிரே 20 கிலோமீட்டர் காற்று வீசினால் இரண்டும் சேர்ந்து மைனஸ் 20 ஆகிவிடும். அதே காற்று முதுகுப் பக்கம் இருந்தால் திரும்பவும் மைனஸ் 15. ஆகவே புறப்படும்போது எதிர்காற்றில் போங்கள், பின்காற்றில் திரும்புங்கள். மாற்றிச் செய்தால், வியர்த்து நனைந்த சட்டையோடும் நனைந்த குழாயோடும் கடைசிப் பாதியில் எதிர்காற்றில் மாட்டிக்கொள்வீர்கள். கனடாவின் வானிலை அறிவிப்பில் காற்றையும் சேர்த்து எவ்வளவு குளிராக உறைக்கும் என்று தனி எண்ணாகவே சொல்வார்கள். அது மைனஸ் 28-க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். புதிதாகப் போகிற நீங்கள் அன்றைக்கு ட்ரெட்மில்லில் ஓடிக்கொள்ளுங்கள்.

இப்படித் தோல் உறைந்துபோகும் பனிக்கடி தொடங்கும்போது தோல் வெளுக்கும் என்று படித்திருப்பீர்கள். நம் நிறத்தில் அது அவ்வளவு பளிச்சென்று தெரியாது. சாம்பல் பூத்து மெழுகு தடவியதுபோல் இருக்கும், முக்கியமாக அந்த இடம் மரத்துப்போகும். மூக்கு நுனி, கன்னமேடு, காது மடல்: பத்து நிமிடத்துக்கு ஒரு முறை முகத்தைச் சுளித்துப் பாருங்கள், உணர்ச்சி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். மரத்திருந்தால் தேய்க்காதீர்கள், உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பக்கத்தில் இருக்கும் ஏதாவது கட்டடத்துக்குள் நுழைந்துவிடுங்கள். சூடேறியும் உணர்ச்சி திரும்பவில்லை, அல்லது கொப்புளம் வந்தது என்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. வாசலின் தடவினால் துணி உரசாது, அவ்வளவுதான்; குளிரிலிருந்து காக்காது. வீட்டிலிருந்து தேங்காயெண்ணெய் கொண்டுபோனால், அது 24 டிகிரியிலேயே உறைந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

கண்ணாடி. குழாயின் மேல் ஓரத்தை இரண்டு சென்டிமீட்டர் உள்பக்கமாக மடித்து, அந்த மடிப்பின்மேல் கண்ணாடியின் மூக்குப் பிடி உட்காரட்டும். மேலே கசியும் மூச்சு பாதி அடைபடும். அதற்கும் மேலே கசிந்தால் மைக்ரோபோர் டேப் ஒரு விரல் நீளம் வெட்டி, மூக்கின் குறுக்கே துணியையும் தோலையும் சேர்த்து ஒட்டுங்கள். லென்ஸில் ஒரு சொட்டு பாத்திர சோப்பைத் தடவி, கழுவாமல் மென்துணியால் துடைத்தால் ஒரு ஓட்டத்துக்கு ஆவி படியாது. விசேஷப் பூச்சு உள்ள லென்ஸ் என்றால் கண்ணாடிக் கடையில் ஆவி தடுக்கும் திரவம் கேளுங்கள். ஓடும்வரை காற்று துடைத்துக்கொண்டே இருக்கும். சிக்னலில் நின்றால்தான் கண் மறையும். உலோக ஃப்ரேம் தோலில் பட்டுச் சில்லிடும், ஓட்டத்துக்கு ஒரு பிளாஸ்டிக் ஃப்ரேம் செய்துகொண்டு போங்கள். ஜனவரித் தொடக்கத்தில் அங்கே சூரியன் எழ ஏழரை மணி தாண்டிவிடும். நம்மூர்ப் பழக்கத்தில் ஐந்தரைக்குக் கிளம்பினால் கும்மிருட்டு. முகம் மூடி, தொப்பி போட்டு, ஆவி படிந்த கண்ணாடியோடு சாலை கடக்காதீர்கள்.

வீசிங் விஷயத்தைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல். காய்ந்த குளிர்காற்றில் வேகமாக மூச்சு வாங்குவதே மூச்சுக்குழாயைச் சுருக்கும். பல வருடமாகத் தொந்தரவு இல்லையென்றாலும், நம் கரையின் ஈரக்காற்றில் ஓடி வந்தது அங்கே செல்லும் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. புறப்படும் முன் நெஞ்சுநோய் மருத்துவரைப் பார்த்து, ஸ்பைரோமெட்ரி (ஊதச் சொல்லி மூச்சுத் திறனை அளக்கும் சோதனை) செய்து, குளிர்நாட்டில் ஓடப்போவதையும் சொல்லுங்கள். அவர் இன்ஹேலர் எழுதித் தந்தால், ஓடுவதற்கு எத்தனை நிமிடம் முன்பு எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே போனபின், வீட்டுக்குள்ளேயே பத்துப் பதினைந்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிவிட்டு வெளியே இறங்குங்கள். ஓடி நின்றபின் வரும் வறட்டு இருமல் சற்று நேரத்தில் அடங்கினால் சாதாரணம். நெஞ்சு இறுகினாலோ, விசில் சத்தம் கேட்டாலோ, இரவில் இருமல் எழுப்பினாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். துணி இன்ஹேலருக்கு மாற்றாகாது.

கிளம்பும்வரை இந்தக் குழாயைத் தனுஷ்கோடி ரோட்டில் வாய்க்கு மேல் ஏற்றாதீர்கள். மணல் பறக்கும் நாளில் ஒரு பத்து நிமிடம் சரி. மற்றபடி கழுத்து வெயிலுக்கு மறைப்பாக, நனைத்துப் போட்டுக்கொண்டு ஓடலாம். வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்பு படிந்த துணி காய்ந்ததுபோல் தெரிந்தாலும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வாசனைக்குப் போடும் துணி கண்டிஷனர் பாலியஸ்டரில் படிந்தால் ஈரத்தைப் பரவவிடாது, அதைத் தவிர்த்துவிடுங்கள். மெரினோவைப் பச்சைத் தண்ணீரில் மென்மையான சோப்போடு அலசி, முறுக்காமல் ஒரு துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் பரப்பிக் காயவையுங்கள். ஒட்டாவாவில் அறை ஹீட்டரின்மேல் நேராகப் போட்டால் ஒரே மாதத்தில் உங்கள் தலைக்குள் நுழையாது.